பதினாறு அல்பம், பதினைந்து ஆட்டம்: உங்கள் இசைக்கு ஒரு நொக் அவுட் சுற்றுப்போட்டி நடத்துவது எப்படி

"உனக்குப் பிடித்த அல்பம் எது?" என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடக் காலத்தில் சொல்லிப் பழகிய அதே பெயர். அந்த அல்பத்தைக் கடைசியாக முழுதாகக் கேட்டது எப்போது என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. பழக்கம் வாக்குப் போடுகிறது, காது சும்மா இருக்கிறது.

காதை வாக்குப் போட வைக்க எனக்குத் தெரிந்து நல்ல வழி, நம் ஊர் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளில் எல்லோருக்கும் பழகிய நொக் அவுட் முறைதான். இரண்டு அல்பத்தை எதிரெதிரே நிறுத்த வேண்டும். ஒன்று வெல்லும், மற்றது வீட்டுக்குப் போகும். நாற்பது அல்பத்தை வரிசைப்படுத்தச் சொன்னால் மண்டை காயும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் யாராலும் முடியும். ஆனால் அந்தத் தேர்வு நேர்மையாக இருக்க வேண்டுமானால் சில சட்டங்கள் தேவை. அந்தச் சட்டங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து எழுதுவதால் உதாரணங்களும் அந்தப் பக்கத்து வீடுகளில் ஒலிப்பவையாக இருக்கும்.

தேவையானவை அதிகமில்லை: ஒரு கொப்பி, பென்சில், நல்ல ஹெட்போன் ஒன்று, அப்புறம் பொறுமை.

எது அல்பம்?

இதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் பாதியில் சண்டை வரும், தனியாக நடத்தினாலும் கூட. தமிழில் நாம் கேட்டு வளர்ந்தவற்றில் பெரும்பகுதி படப்பாடல்கள். ஆகவே ஒரு படத்தின் பாடல் தொகுதி முழுவதும் ஓர் அல்பம். பின்னணி இசை தனியாக வெளிவந்திருந்தால் அது சேராது. ஒரே இசை இரண்டு மொழியில் வந்திருந்தால் ஒன்றுதான் கணக்கு. ரோஜாவைத் தமிழிலும் ஹிந்தியிலும் இரண்டு அணியாக இறக்க முடியாது.

படம் சாராத அல்பங்களைக் கட்டாயம் உள்ளே விடுங்கள். தியாகராஜருக்கும் ஜேர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாக்குக்கும் சமர்ப்பணமாக இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்', 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்', 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு வந்த 'திருவாசகம்', இலங்கைத் தமிழ் வம்சாவளிப் பாடகி எம்.ஐ.ஏ.யின் 2007ஆம் ஆண்டு 'கலா' இவையெல்லாம் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றாகக் கேட்கவென்றே செய்யப்பட்டவை. அல்பம் என்ற அளவில் படப்பாடல் தொகுதிகளுக்கு உண்மையான போட்டி இவைதான்.

தொகுப்புகளைச் சேர்க்க வேண்டாம். இது கசப்பான சட்டம், தெரியும். அக்கரைப்பற்றில் இருக்கும் என் கூட்டாளி இதைக் கேட்டதும் துள்ளினான்.

"அப்ப நாகூர் ஹனிபாட கசெட்ட என்ன செய்யிற மச்சான்? எங்கட வீட்டுல அதுதானே முதல் அல்பம்."

"அது பல வருசத்துப் பாட்டுகளச் சேர்த்துப் போட்டதுடா. ஆள் முழு வாழ்க்கையில பாடின நல்ல பாட்டெல்லாம் ஒரே பக்கத்துல கிடக்கு. அதோட எந்த அல்பம் மோதி வெல்லும்?"

"மறுகா?"

"அதுக்கு வேற ஒரு போட்டி வைப்பம்."

அப்படித்தான் செய்ய வேண்டும். 'இறைவனிடம் கையேந்துங்கள்' காத்தான்குடியிலும் ஒலிக்கும், ஆரையம்பதியிலும் ஒலிக்கும். சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல்கள், டி.எம்.எஸ்ஸின் முருகன் பாடல்கள், சிலோன் மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய நம் நாட்டுப் பொப்பிசைப் பாடல்கள் எல்லாமே நம்மிடம் பெரும்பாலும் தொகுப்பாகவே வந்து சேர்ந்தவை. அவற்றைத் தனிப் பாட்டுகளாக மோதவிட்டு ஒரு போட்டி நடத்தினால் நன்றாக இருக்கும். அல்பப் போட்டிக்குள் கொண்டுவந்தால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

பதினாறாகக் குறைப்பது

முதல் பட்டியலைப் போனைத் தொடாமல் எழுதுங்கள். நினைவில் வருகிற அத்தனையும். பிறகு போனைத் திறந்து, நீங்கள் உண்மையில் அடிக்கடி கேட்பவற்றைப் பார்த்து இன்னொரு பட்டியல் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. இரண்டிலும் இருப்பவை நேராக உள்ளே. ஒன்றில் மட்டும் இருப்பவற்றை ஒவ்வொன்றாக யோசிக்கலாம்.

ஒரு பாட்டுக்காக மட்டும் பட்டியலில் இருக்கும் அல்பத்தை இந்த இடத்திலேயே வெட்டிவிடுங்கள். சோதனை எளிது: அந்த அல்பத்தில் இருந்து மூன்று பாட்டின் பெயரைச் சொல்ல முடிகிறதா? 'வசீகரா'வைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை என்றால் உங்கள் பட்டியலில் மின்னலேக்கு இடமில்லை. (எனக்கு வரும். ஹரிஸ் ஜெயராஜின் முதல் படம், 2001. என் பட்டியலில் அது உண்டு.)

அடுத்தது, ஓர் இசையமைப்பாளருக்கு உச்சவரம்பு வையுங்கள். நான் சொல்வது நான்கு. வரம்பு இல்லாவிட்டால் 1980களில் வளர்ந்தவரின் பதினாறில் பதின்மூன்று இளையராஜாவாக இருக்கும், 1990களில் வளர்ந்தவருக்கு அதே கதை ரஹ்மானோடு. ரஹ்மானுக்கு நான்கு என்றதும் ரோஜா, பம்பாய், இருவர், உயிரே, அலைபாயுதே, கன்னத்தில் முத்தமிட்டால் என்று கைவிரல் நீளும். இரண்டை வெட்டியாக வேண்டும். வெட்டுகிற அந்த வேதனை போட்டியின் பகுதிதான். அங்கேயே உங்கள் ரசனை உங்களுக்குக் கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கும்.

பதினாறு என்ற எண் வசதிக்காக. எட்டு என்றால் சீக்கிரம் முடிந்துவிடும், முப்பத்திரண்டு என்றால் பாதியில் அலுத்துவிடும். எத்தனை அல்பம் வைத்தாலும் ஆட்டங்களின் எண்ணிக்கை அதைவிட ஒன்று குறைவு, ஏனென்றால் ஒவ்வோர் ஆட்டமும் ஒன்றை வெளியே அனுப்புகிறது, கடைசியில் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். பதினாறுக்குப் பதினைந்து. இருபத்து மூன்றுக்குக் கீழே குறைக்கவே முடியவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. அடுத்த அட்டவணை அளவு 32, குறைவது ஒன்பது. ஆகவே முதல் ஒன்பது தரவரிசை அல்பங்களுக்கு 'பை' கொடுத்து நேராக இரண்டாம் சுற்றுக்கு அனுப்புங்கள். மீதி பதினான்கும் ஏழு ஆட்டம் ஆடும். வென்ற ஏழும் காத்திருக்கும் ஒன்பதும் சேர்ந்தால் பதினாறு.

தரவரிசையும் அட்டவணையும்

பெயரைத் துண்டில் எழுதிக் குலுக்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம், கலகலப்பாக இருக்கும். ஆனால் பதினாறு அல்பத்தைக் குலுக்கினால், உங்களுக்கு உண்மையில் மிகப் பிடித்த இரண்டும் இறுதிப் போட்டியில் சந்திக்க உள்ள வாய்ப்பு பதினைந்தில் எட்டுதான், பாதிக்குக் கொஞ்சம் மேல். மற்றபடி அவை அதற்கு முன்பே எங்கேயாவது மோதி, ஒன்று வெளியே போயிருக்கும். முதல் சுற்றில் தளபதியும் ரோஜாவும் மோதினால் மிச்சப் போட்டிக்கு என்ன சுவை?

அதனால் ஒரு தோராயமான தரவரிசை போடுங்கள். இதற்கு மணிக்கணக்கில் மினக்கெட வேண்டாம், பத்து நிமிடம் போதும். இது தீர்ப்பு இல்லை, வெறும் முன்கணிப்பு. பிறகு வழக்கமான ஒழுங்கில் நிறுத்துங்கள். ஒரு பக்கத்தில் 1 எதிர் 16, 8 எதிர் 9, 5 எதிர் 12, 4 எதிர் 13. மறுபக்கத்தில் 6 எதிர் 11, 3 எதிர் 14, 7 எதிர் 10, 2 எதிர் 15. ஒவ்வொரு சோடியிலும் எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும், வராவிட்டால் எங்கேயோ பிழை. முன்கணிப்பு சரியாக இருந்தால் முதலாவதும் இரண்டாவதும் இறுதியில்தான் சந்திக்கும். எண்பதுகளின் அல்பங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்துவிட்டால் ஒன்றிரண்டை இடம் மாற்றலாம், தவறில்லை.

கொப்பியின் நடுப்பக்கத்தைத் திறந்து குறுக்குவாட்டில் வையுங்கள். இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் எட்டு. கோடுகள் நடுவில் உள்ள தையலை நோக்கி வரட்டும். போனில் செய்ய ஆயிரம் அப் உண்டு. எனக்குப் பென்சிலால் ஒரு பெயரை வெட்டும்போது வருகிற குற்றவுணர்ச்சி பிடித்திருக்கிறது, விரலால் தட்டினால் அது வருவதில்லை.

கேட்கிற முறை

பலர் பிழைவிடும் இடம் இதுதான். அல்பங்களைக் கேட்காமலே அட்டவணையை நிரப்பிவிடுவார்கள், அரை மணித்தியாலத்தில் சம்பியன் கிடைத்துவிடும். அதற்குப் பெயர் பழக்கத்தை மறுபடி எழுதிவைப்பது.

நேரக் கணக்கைப் பார்ப்போம். ஒரு படப்பாடல் தொகுதி சராசரியாக 35 நிமிடம் என்று வையுங்கள். பதினாறையும் ஒரு தரம் கேட்க ஒன்பதேகால் மணித்தியாலம் சொச்சம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டையும் புதிதாகக் கேட்டால் பதினேழரை மணித்தியாலம். வாரம் இரண்டு ஆட்டம் என்றால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அவசரக்காரர்கள் முதல் சுற்றில் மட்டும் ஒரு தரம் கேட்டதை வைத்து முடிவெடுக்கலாம். காலிறுதியில் இருந்து புதிதாகக் கேட்டே ஆக வேண்டும்.

ஓர் ஆட்டத்தின் இரண்டு அல்பத்தையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே ஹெட்போனில் கேளுங்கள். பாட்டைத் தாண்டக் கூடாது. பிடிக்காத பாட்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும், அது அந்த அல்பத்தின் கடன்.

சத்தத்தைச் சமப்படுத்துவதுதான் முக்கியம். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். எண்பதுகளில் பதிவான அல்பங்கள் பொதுவாகச் சத்தம் குறைந்தவை. 2000க்குப் பிறகு வந்தவை உச்சத்தில் அழுத்திப் பதிவு செய்யப்பட்டவை. அப்படியே போட்டால் சிந்து பைரவிக்கு அநியாயம் நடக்கும். ஸ்பொட்டிபையில் கேட்பவர்கள் அமைப்புகளில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள். யூடியூப்பில் கேட்பவர்கள் ஒரு பாட்டின் பாடுகிற குரலை அளவாக வைத்து, மற்ற அல்பத்தின் குரலும் அதே அளவில் கேட்கும்படி கையால் மாற்றிக்கொள்ளுங்கள். மேளத்தை வைத்து அளக்க வேண்டாம், ஏமாற்றும்.

யூடியூப் பற்றி இன்னொன்று. இசை நிறுவனமே ஏற்றிய பதிவை மட்டும் எடுங்கள். காப்புரிமைச் சோதனையில் மாட்டாமல் இருக்கச் சுருதியையோ வேகத்தையோ லேசாக மாற்றி ஏற்றிய பதிவுகள் ஏராளம். 'பேஸ் பூஸ்ட்' என்று தலைப்பிட்டவற்றைப் பக்கத்திலும் எடுக்காதீர்கள். டேட்டா பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: 128 கேபிபிஎஸ் ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பி. ஓர் அல்பம் 35 எம்பியைச் சுற்றி வரும், வீடியோவோடு பார்த்தால்தான் அது பல மடங்காகும். வீட்டில் வைஃபை இருக்கும்போது இறக்கி வைத்துவிட்டால் கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது.

இடம், காலம் பற்றி நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். மட்டக்களப்பு–கல்முனை தனியார் பஸ்ஸில் கேட்டது செல்லாது. அங்கே எந்தப் பாட்டும் அதன் தாளம் மட்டும்தான், பாதி வாத்தியங்கள் ஜன்னலால் போய்விடும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நாட்களில் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் போட்டியை ஒத்திவையுங்கள், குழாய் ஸ்பீக்கரை எந்த ஹெட்போனும் வெல்லாது. மாரி மழை தகரக் கூரையில் விழுகிற நேரம் 'நத்திங் பட் விண்ட்' போன்ற மெல்லிய இசைக்கு வாய்ப்பே இல்லை, ஆனால் எதிரே உள்ள குத்துப்பாட்டு அல்பம் கெட்டியாக நிற்கும். இரண்டையும் அந்த மழைக்குள் கேட்பது ஒரே நிலைமை போலத் தெரியும், நியாயம் ஆகாது. கொழும்புக்கு ரயிலில் போகிறவர்கள் ஒரே இருக்கையில் நான்கு ஆட்டத்தை முடிக்கலாம். முதல் சுற்றுக்கு அது போதும். அரையிறுதியை ரயிலில் வைக்க வேண்டாம்.

கேட்கும் வரிசையையும் கவனியுங்கள். கடைசியாகக் கேட்டது காதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாணயத்தைச் சுண்டி எது முதல் என்று முடிவு செய்யுங்கள். அடுத்த சுற்றில், போன தடவை இரண்டாவதாகக் கேட்ட அல்பத்தை முதலில் போடுங்கள். கேட்டு முடிந்ததும் உடனே தீர்ப்புச் சொல்லாமல் ஒரு பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு வரலாம்.

வென்றது எது?

புள்ளி போடும் முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மெட்டுக்குப் பத்து, வரிகளுக்குப் பத்து, குரலுக்குப் பத்து என்று கூட்டினால் எதிலும் பிழைவிடாத ஒரு சப்பென்ற அல்பம், ஓரிடத்தில் தடுக்கி விழுந்து மற்ற இடத்தில் பறக்கும் அல்பத்தைத் தோற்கடித்துவிடும். நமக்குப் பிடித்ததைக் கண்டுபிடிக்கத்தானே வந்தோம், பரீட்சைத் தாள் திருத்த வரவில்லையே.

முதல் கேள்வி ஒன்றே ஒன்று: இப்போது, இந்த நேரத்தில், இரண்டில் எதை மறுபடி முதலில் இருந்து போட மனம் சொல்கிறது? பெரும்பாலான ஆட்டங்கள் இதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் பாட்டுக்குப் பாட்டு மோதவிடுங்கள். ஒவ்வோர் அல்பத்திலும் உங்களுக்குப் பிடித்த ஐந்து பாட்டை வரிசைப்படுத்தி, முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது என்று நிறுத்துங்கள். ஐந்தில் மூன்று எடுத்த அல்பம் வெல்லும். ஓர் அல்பம் எவ்வளவு ஆழம் வரை நன்றாக இருக்கிறது என்பதை இது காட்டிக்கொடுக்கும்.

தளபதிக்கும் ரோஜாவுக்கும் நடந்த என் அரையிறுதியைச் சொல்கிறேன். ஒரே இயக்குநரின் அடுத்தடுத்த தமிழ்ப் படங்கள், 1991இலும் 1992இலும். மணிரத்னம் இளையராஜாவோடு செய்த கடைசிப் படம் ஒன்று, ரஹ்மானின் முதல் படம் மற்றது. முதல் கேள்விக்கு மனம் பதில் சொல்லவில்லை. ஐந்து ஐந்தாக எடுத்தேன்.

'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' எதிர் 'காதல் ரோஜாவே'. இரண்டிலும் எஸ்.பி.பி. ரோஜாவில் அந்தக் குரல் தனிமையில் நின்று ஏங்குகிறது. சுந்தரியில் எஸ். ஜானகியோடு மாறி மாறிப் பாடுகிறது. இடையிசையில் தந்தி வாத்தியங்கள் பெரிய கூட்டமாக எழுந்து யுத்தம் நடக்கிற மாதிரி மோதி, அடங்கி, மறுபடி அந்த மெல்லிய வரிக்கு வழிவிடுகின்றன. அந்த அடங்குகிற இடத்துக்காகவே சுந்தரி. தளபதி 1–0.

'ராக்கம்மா கையத் தட்டு' எதிர் 'புது வெள்ளை மழை'. இங்கேதான் நல்ல ஹெட்போன் தன் வேலையைக் காட்டியது. 'புது வெள்ளை மழை'யைக் கசெட்டிலும் பஸ்ஸிலும் கேட்டவர்களுக்கு அது ஓர் இனிமையான மெட்டு, அவ்வளவுதான். காதுக்குள் போட்டுக் கேட்டால் அடியில் ஓடும் பேஸும், குரல்களைச் சுற்றி விடப்பட்ட வெற்றிடமும் தெரிகிறது. குளிர் தெரிகிறது. ராக்கம்மா அதைவிடப் பெரிய பாட்டு. கும்மாளத்துக்கு நடுவில் திடீரென்று அப்பரின் 'குனித்த புருவமும்' தேவாரம் வந்து நிற்பதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் அன்றைக்குக் கேட்டதில் மழைதான் வென்றது. 1–1.

'யமுனை ஆற்றிலே' எதிர் 'சின்னச் சின்ன ஆசை'. முன்னது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். குறும்பாட்டை முழுப் பாட்டாகக் கணக்கெடுக்கலாமா என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நான் எடுக்கிறேன். எடுத்தும் மின்மினியின் குரல் வென்றது. ரோஜா 2–1.

'காட்டுக்குயிலு' எதிர் 'தமிழா தமிழா'. யேசுதாசும் எஸ்.பி.பி.யும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு பாடுகிற பாட்டை யாரால் வீழ்த்த முடியும்? 2–2. கடைசியாகச் 'சின்னத் தாயவள்' எதிர் 'ருக்குமணி ருக்குமணி'. இதை எழுதவே தேவையில்லை. தளபதி 3–2.

முதல் மூன்று பாட்டை மட்டும் பார்த்திருந்தால் ரோஜா வென்றிருக்கும். நான்காவதும் ஐந்தாவதும் திருப்பிவிட்டன. பட்டியலைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி, ஞாபகம். கேட்கிறவர் காதைத் தவிர வேறொன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் அல்பங்கள் உண்டு. 2002இல் வந்த கன்னத்தில் முத்தமிட்டால் அல்பத்தில் 'விடை கொடு எங்கள் நாடே' தொடங்கி எம்.எஸ். விஸ்வநாதன் குரல் வரும்போது, கிழக்கில் அந்தக் காலத்தைக் கடந்துவந்த எந்த வீட்டிலும் அதை வெறும் பாட்டாகக் கேட்க மாட்டார்கள். ஞாபகத்தைக் கணக்கில் எடுக்காதே என்று சட்டம் போட்டால் அது பொய்யான சட்டம். எல்லா ஆட்டத்திலும் எடுத்தால் போட்டியே வேண்டாம். நான் வைத்திருக்கும் வழி 'ஞாபகச் சீட்டு'. முழுப் போட்டிக்கும் ஒரே ஒரு சீட்டு. ஏதாவது ஓர் ஆட்டத்தில், இசை எதைச் சொன்னாலும், "இதை நான் அனுப்ப மாட்டேன்" என்று காட்டலாம். ஒரு தரம் காட்டினால் தீர்ந்தது. இறுதிப் போட்டியில் செல்லாது. எப்போது காட்டுவது என்று யோசித்து யோசித்து, பலர் காட்டாமலே முடித்துவிடுவார்கள்.

தீர்ப்பு எழுதியதும் அதன் கீழே ஒரே வரியில் காரணம் எழுதுங்கள். "நன்றாக இருந்தது" செல்லாது. "இரண்டாம் பாதியில் ஒரு பாட்டுக்கூடச் சோரவில்லை", "வரிகள் நன்று, மெட்டுகள் எல்லாம் ஒரே சாயல்" என்று இருக்க வேண்டும். பதினைந்து வரி சேர்ந்ததும் அவற்றை மட்டும் வாசித்துப் பாருங்கள். நீங்கள் வரிகளைக் கேட்கிறவரா, தாளத்தைக் கேட்கிறவரா, குரலுக்கு மயங்குகிறவரா என்பது அதில் கிடக்கும். எனக்குச் சம்பியனைவிட இந்த வரிகள்தான் பெறுமதி.

நடுவில் வரும் சிக்கல்கள்

பெரிய அல்பம் ஒன்று முதல் சுற்றிலேயே விழும். மறு ஆட்டம் வைக்காதீர்கள். ஒன்றுக்கு வைத்தால் எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டிவரும்.

இன்னொன்று: 7ஜி ரெயின்போ காலனி மின்னலேயை வெல்கிறது, மின்னலே 96ஐ வெல்லும் என்று தெரிகிறது, ஆனால் 96ஐயும் 7ஜியையும் பக்கத்தில் வைத்தால் 96 வெல்கிறது. உங்கள் மூளையில் கோளாறு ஏதும் இல்லை. ஒவ்வொரு சோடியிலும் நாம் வேறு வேறு விசயத்தை ஒப்பிடுகிறோம். ஒன்றில் சோகத்தை, ஒன்றில் தாளத்தை, ஒன்றில் வரியை. பலர் சேர்ந்து வாக்களிக்கும்போதும் இப்படிச் சுழல் வரலாம் என்று பிரான்சின் கணித அறிஞர் கொந்தோர்சே 1785இலேயே எழுதிவைத்தார். நொக் அவுட்டில் இந்தச் சுழல் வெளியே தெரியாது, அட்டவணையில் யார் யாரைச் சந்தித்தார்களோ அதுவே முடிவு. இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் மோதும் லீக் முறைக்குப் போகலாம். பதினாறுக்கு 120 ஆட்டம். நேரம் இருந்தால் செய்யுங்கள்.

இரண்டாம் இடம் யாருக்கு?

இறுதிப் போட்டியில் தோற்றது இரண்டாம் இடம் என்று எழுதிவிட்டுக் கொப்பியை மூடாதீர்கள். அது பல நேரம் சரியில்லை. உண்மையான இரண்டாவது அல்பம் காலிறுதியிலேயே சம்பியனைச் சந்தித்துத் தோற்றிருக்கலாம். லூயிஸ் கரோல், சிறுவர் கதையால் உலகம் அறிந்தவர், கணித ஆசிரியராகவும் இருந்தார். 1883இல் டென்னிஸ் போட்டிகளின் பரிசு முறையைக் குறைகூறி ஒரு கட்டுரை எழுதினார். 32 பேர் ஆடும் போட்டியில் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு அவருக்குரிய பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31இல் 16தான் என்று அதில் கணக்குக் காட்டினார்.

சரிசெய்வது சுலபம். உண்மையான இரண்டாவதைத் தோற்கடிக்கச் சம்பியனால் மட்டும்தான் முடியும். ஆகவே சம்பியனிடம் தோற்றவற்றை மட்டும் எடுங்கள். பதினாறு அல்பப் போட்டியில் அவை நான்கு: முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி, ஒவ்வொன்றிலும் ஒன்று. அந்த நான்குக்குள் மூன்று ஆட்டம். மொத்தம் பதினெட்டு ஆட்டத்தில் முதலிடமும் இரண்டாமிடமும் நியாயமாகக் கிடைத்துவிடும். என் போட்டியில் தளபதிதான் கிண்ணத்தை எடுத்தது. இறுதியில் தோற்ற அலைபாயுதே இந்தக் கூடுதல் ஆட்டங்களில் ரோஜாவிடம் விழுந்து மூன்றாம் இடத்துக்குப் போனது.

கூட்டமாக நடத்தினால்

கல்லடிக் கடற்கரையில் மாலையில் கூடும் ஒரு கூட்டம் இருந்தால் இதைச் சேர்ந்து நடத்துவது இன்னும் ருசி. ஆனால் வாய்விட்டு வாக்குக் கேட்காதீர்கள். கூட்டத்தில் வயதில் மூத்த அண்ணன் ஒருவர் "இளையராஜாவ விட்டா வேற யாருடா?" என்று தொடங்கிவிட்டால் தம்பிமார் ஒருவரும் யுவனுக்குக் கை தூக்க மாட்டார்கள். துண்டில் எழுதி மடித்துப் போடுங்கள். வாக்களிப்பவர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். இரண்டையும் முழுதாகக் கேட்டேன் என்று சொல்பவருக்கு மட்டும் வாக்கு.

ஆட்களைத் திரட்டுவதையும் தடை செய்யுங்கள். 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாவது ஆண்டையொட்டி உலகத்தின் பிடித்த பாட்டைக் கேட்டு வாக்கெடுப்பு வைத்தது. 'ராக்கம்மா கையத் தட்டு' நான்காவதாக வந்தது, திருமலைச் சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' ஐந்தாவதாக வந்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் யார் எத்தனை பேரைத் திரட்டினார்கள் என்பதையும் சேர்த்தே அப்படிப்பட்ட வாக்கெடுப்பு அளக்கிறது. உங்கள் வட்டத்தில் ஒன்பது பேர் என்றால் அந்த ஒன்பது பேர் மட்டும். இறுதிப் போட்டிக்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்து வாக்குப் போட வைக்க முடியாது. அவர் பிளேன்டி குடித்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம்.

ஞாபகச் சீட்டு இங்கே ஆளுக்கொன்று கிடையாது, கூட்டத்துக்கே ஒன்று. அதைக் காட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். ஒரு துண்டு வெறுமையாக வந்து வாக்கு சமமாகிவிட்டால் பாட்டுக்குப் பாட்டு முறைக்குப் போங்கள், ஒவ்வொரு சோடிக்கும் தனியாகத் துண்டு எழுத வேண்டும். ஆகவே துண்டுகளைக் கொஞ்சம் கூடவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் காற்றுக்கு மேலே வைக்க ஒரு கல்லும் தேடிக்கொள்ளுங்கள்.